கைலாயத்துக்குத் தலை எண்ணப் போனவள்

நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பயண முகவர் நிலையத்தில் மருத்துவப் படிவம் இப்போது கைபேசிக்குள் போய்விட்டதாம். என் கதிரையில் இருக்கும் அபிராமி போன மாதம் அழைத்துச் சந்தோசமாகச் சொன்னாள். இருதய வருத்தம், பிரஷர், சலரோகம், ஆஸ்துமா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று முன்கூட்டியே சரி போட்டிருக்கும். மாற்ற விரும்புகிறவர்கள் மட்டும் மாற்றினால் போதும். நேரம் எவ்வளவு மிச்சம் என்றாள். எங்கள் சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிவத்தை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் அத்தனை வருடமும் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, பேனையையும் கையில் கொடுத்து எழுதுவித்தது அதே ‘இல்லை’களைத்தான்.

கைலாய நடைக்கு ஆள் கூட்டிப் போகும் புதியவர்களுக்கு ‘டிப்ஸ் மாதிரி’ ஒரு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் நானே கூட்டிப் போன குழுவைப் பற்றி எழுதுகிறேன். பிரயோசனமாக ஏதாவது இருந்தால் அவள் பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும்.

நான் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கச்சி. லண்டனுக்கு வந்து, செவன் கிங்ஸில் அந்த நிலையத்தில் டிக்கெட் போடப் பழகினேன். விமான நிலையங்களின் குறியெழுத்துகளைப் பாடமாக்க மூன்று மாதம் போனது. மற்றதையெல்லாம் தொலைபேசியில் திட்டு வாங்கி வாங்கிப் படித்தேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

முதலாளி பாலா அண்ணை சூரிச்சில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். அவர் எந்த வசனத்தையும் “சுவிஸில எண்டால்” என்றுதான் தொடங்குவார். ஒன்பது மணி வேலைக்கு ஒன்பது இரண்டுக்கு வந்தால் நம்மோடு பேசமாட்டார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, அதனிடம் “ரெண்டு நிமிசம்” என்று முறையிடுவார். மணிக்கூடும் அவரும் சேர்ந்து என்னைப் பார்ப்பது போலிருக்கும். அவரிடம் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் மெசின் ஒன்று இருந்தது. அலுவலகத்தின் விதிகள் எல்லாம் அதற்குள் புகுந்து, சுடச்சுட வெளியே வந்து சுவரில் ஏறிவிடும். உறை போட்ட பிறகு ஒரு விதியும் மாறாது. இவ்வளவு காலம் மலைநாட்டில் இருந்தீர்களே, ஏறியிருக்கிறீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். சூரிச்சில் நிலக்கீழ் சமையலறையில் வேலை செய்ததாகவும், மலைகளைத் தபாலட்டையில் பார்த்திருப்பதாகவும் ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒரு நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

அவர்தான் கைலாயத்தைக் கண்டுபிடித்தார். திபெத்தில் இருக்கிறது, மலையைச் சுற்றி மூன்று நாள் நடை, இரண்டாம் நாள் மூச்சு வாங்கவே காற்றுப் போதாத உயரத்தில் ஒரு கணவாய். வெள்ளைக்காரருக்கு விற்கிற நிறுவனங்கள் இதையெல்லாம் படம் போட்டுப் பயமுறுத்தி விற்கும். பாலா அண்ணையின் தத்துவம் வேறு: எங்கள் சனம் மலைக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போகிறது. ஆகவே எங்கள் துண்டுப் பிரசுரத்தில் ‘மூன்று நாள் பிரதட்சணம், இடையில் ஒரு ஏற்றம்’ என்று மட்டும் இருந்தது. வந்தவர்களும் உயரம் எவ்வளவு என்று கேட்கவில்லை. சாப்பாடு சுத்த சைவமா, சுடுதண்ணி வருமா, ரொய்லெட் எப்படி என்று கேட்டார்கள்.

படிவம் நிரப்புவது என் பொறுப்பு. வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டால், “கடவுளேயெண்டு ஒண்டுமில்லை” என்பார்கள். ஆரம்பத்தில் நம்பினேன். பிறகுதான் விளங்கியது, எங்கள் ஆட்களுக்குச் சீனியும் பிரஷரும் வருத்தமே இல்லை; தலைமயிர் நரைக்கிற மாதிரி அது வயதுக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வருத்தம். அப்படிப் படுத்திருந்தாலும், மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருப்பதால் தாளில் எழுதக்கூடாது. ஆகவே நான் கேள்வியை மாற்றினேன். வருத்தத்தைக் கேட்காமல், எத்தனை குளிசை விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். “காலமை மூண்டு, பின்னேரம் ரண்டு” என்று பெருமையாகச் சொல்வார்கள். பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைப் பார்த்து, அவர்களின் டொக்டருக்குக் கடிதம் எழுதுவேன். பொய் பிடிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை என்ற தலைக்கனம் அப்படித்தான் வந்தது.

பயிற்சி நடை என்றும் ஒன்று வைத்தோம். முதுகில் பையோடு பூங்காவை நான்கு தரம் சுற்றவேண்டும். முதல் சுற்று முடிவதற்குள் பாய் விரிக்கப்பட்டது, பற்றீஸ் வெளியே வந்தது. பையின் பாரம் அதற்காகத்தான் கூடியிருக்கிறது. எல்லாரும் தேறிவிட்டதாக பாலா அண்ணை பதிவு செய்தார்.

அந்த வருடம், வழக்கமாகக் குழுவோடு போகிறவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். பாலா அண்ணை என்னைக் கூப்பிட்டு நீர் போம் என்றார். நான் வேதக்காரி, கைலாயத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“அதுதான் உம்மை அனுப்புறன்,” என்றார். “மற்ற ஆக்கள் எல்லாரும் அங்க போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அழுதுகொண்டு நிப்பினம். தலை எண்ண ஒராள் வேணும்.”

எங்கள் பங்குச் சுவாமி சிரித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். என்னைத் தடுப்பார்கள் என்று நம்பிய இரண்டு இடமும் கைவிட்டுவிட்டன. ஐம்பத்திரண்டு வயதில் கம்பளிச் சொக்ஸ் வாங்கப் போனேன்.

குழுவில் பதினொரு பேர். இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும். ஒருவர் சவுத்தால் நடராஜா. இளைப்பாறிய எக்கவுண்டன், எதற்கும் “எல்லாம் அவன் பாத்துக்கொள்ளுவான்” என்பவர், ஆனால் ஜீப்பில் முன்சீற் கிடைக்காவிட்டால் என்னிடம்தான் வருவார். மற்றவர் பூரணம் ரீச்சர். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புள்ளி போட்டவர். மூன்றாமவர் மோர்டனிலிருந்து வந்த மனோன்மணி அக்கா. அறுபத்துமூன்று வயது, மெல்லிய ஆள், பேச்சும் குறைவு. அவருடைய ஒரே மகன் வன்னியில் இருந்தவன். போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அந்த வசந்தம் முழுக்க அவர் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் போராட்டக்காரரோடு நின்றவர். மலையைக் கால்நடையாகச் சுற்றி முடித்தால் அவன் வருவான் என்று நேர்த்தி வைத்திருந்தார். குளிசைப் பெட்டிகளைக் கேட்டபோது விற்றமின் போத்தல் ஒன்றை மட்டும் மேசையில் வைத்தார். நான் நம்பினேன். அவர் பொய் சொல்லக்கூடிய முகமாக எனக்குத் தெரியவில்லை.

காத்மண்டுவிலிருந்து ஜீப்புகளில் ஏறி, எல்லை கடந்து, நாளுக்கு நாள் உயர்ந்து போனோம். திபெத் வழிகாட்டி டென்சின்; ஆங்கிலமும் ஹிந்தியும் பேசுவார், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். காலையும் மாலையும் ஒவ்வொருவரின் இரத்தத்திலும் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்த்து எழுதவேண்டும் என்பது பாலா அண்ணையின் உறை போட்ட விதி. விரலில் மாட்டுகிற சின்னக் கிளிப். சில நொடியில் எண் காட்டும். இதைவிடச் சுலபமான வேலை இருக்கமுடியாது என்று நினைத்தேன்.

தமிழ்ப் பெற்றோரின் கையில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது சோதனைப் புள்ளியாகிவிடும் என்பதை மறந்துபோனேன். இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டார்கள். உங்களுக்கு எவ்வளவு, எனக்கு எண்பத்தெட்டு, அவருக்கு எழுபத்தொன்பதாம், பாவம். குறைந்தவர்கள் விரலைச் சூடாக்கித் திரும்ப மாட்டச் சொன்னார்கள். நடராஜா மூச்சை இழுத்து இழுத்து விட்டு எண்ணை மூன்று கூட்டி, அதைத்தான் எழுதவேண்டும் என்று நின்றார். பூரணம் ரீச்சர் எப்போதும் முதலாம் இடம். கேட்டால் அடக்கமாகச் சிரிப்பார்.

மானசரோவர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டதிலிருந்து குளிர் கடுமையாகிவிட்டது. கூடாரத்தின் சிப்பைத் திறந்தால் உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். ஆகவே நானே ஒரு முறையை ஏற்படுத்தினேன். விடியற்காலையில் கூடாரம் கூடாரமாகப் போய் வெளியே குந்துவேன். சிப்பை நான்கு அங்குலம் திறந்து உள்ளேயிருந்து ஒரு விரல் வரும். கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்து, பெயருக்கு நேரே எழுதுவேன். அந்த விரல் போய் அடுத்த விரல் வரும். பாவசங்கீர்த்தனக் கூட்டில் சுவாமி முகம் பார்க்காமல் பாவம் கேட்பது போல. வேகமான முறை. நான் அதைப் பற்றி மிகவும் பெருமைப்பட்டேன்.

நடையின் முதல் நாள் முடிந்து, மலையின் வடக்கு முகத்துக்குக் கீழே திராபுக் என்ற இடத்தில் தங்கினோம். மறுநாள் கணவாய். விடிந்ததும் விரல்களை எழுதிக்கொண்டு பூரணம் ரீச்சரும் மனோன்மணி அக்காவும் இருந்த கூடாரத்துக்கு வந்தேன். முதல் விரல் வந்தது; எண்பத்துநான்கு. முந்தின நாள் இரவு கடலை ரின்னை வெட்டித் திறக்கும்போது ரீச்சருக்கு ஆள்காட்டி விரலில் காயம், நான்தான் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தேன். இரண்டாவது விரல் வந்தது, எண்பத்துமூன்று. எழுதிவிட்டு எழும்பினேன். எழும்பிய பிறகுதான் என் மண்டைக்கு ஏறியது. இரண்டாவது விரலிலும் அதே இடத்தில் அதே பிளாஸ்ரர்.

சிப்பை முழுக்கத் திறந்தேன். ரீச்சர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மனோன்மணி அக்கா பாயில் குந்தியபடி கார்டிகனின் கைக்குள் காலை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். விரலைப் பிடித்துக் கிளிப்பை மாட்டினேன். ஐம்பத்தெட்டு.

ஏரிக்கரையிலிருந்தே அப்படித்தான் நடந்திருக்கிறது. எண் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மனோன்மணி அக்கா அழுதிருக்கிறார்; ரீச்சர் மனமிரங்கித் தன் விரலைக் கொடுத்திருக்கிறார். முப்பது வருடம் பரீட்சை மண்டபத்தில் கொப்பியடித்தவர்களைப் பிடித்தவர், தன் விடையைத் தானே கொப்பியடிக்கக் கொடுத்துவிட்டார். வெளிக்குப் போக மறைப்பு இல்லையென்று மனோன்மணி அக்கா இரண்டு நாளாகத் தண்ணீரும் குடிக்கவில்லை. பிரஷர் குளிசைகள் பையின் அடியில் கிடந்தன.

ரீச்சர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் அந்தக் குறிப்புப் புத்தகத்தில் ஐந்து எண்கள் என் கையெழுத்தில் இருந்தன. ஐந்து தரமும் முகத்தைப் பாராமல் எழுதியது நான். பொய் பிடிப்பவளாம்.

டென்சின் பனி படிந்த மண்ணில் தடியால் ஒரு கோடு கீறி, அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் அக்கா பக்கவாட்டில் சரிந்து சுமை ஏற்றிக்கொண்டிருந்த யாக் எருது ஒன்றின் மேல் சாய்ந்தார். மூளை வீங்கத் தொடங்கிவிட்டது, இப்போதே கீழே இறக்கவேண்டும், பின்னேரம் என்றால் பிணமாகத்தான் இறக்கலாம் என்று டென்சின் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அங்கே வழிகாட்டி அவர் ஒருவர்தான். வழிகாட்டி இல்லாமல் குழு கணவாய் கடக்கக்கூடாது.

குழு கூடியது. எல்லாம் அவன் பார்த்துக்கொள்ளுவான் என்று நடராஜா சொல்லிவிட்டு, எத்தனை மணிக்குக் கணவாய்க்குப் போய்ச் சேரலாம் என்று டென்சினிடம் கேட்டார். இன்னொருவர் அவவைக் கூடாரத்தில் படுக்கவிட்டுப் போவோம், திரும்பி வரும்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். மலையைச் சுற்றுகிற பாதை அதே இடத்துக்குத் திரும்பி வராது என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

செய்மதித் தொலைபேசியில் பாலா அண்ணையைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாள் புரட்டும் சத்தம்.

“அவ படிவத்தில என்ன எழுதியிருக்கிறா?”

“ஒண்டுமில்லை எண்டு.”

“அப்ப அவவுக்கு ஒண்டுமில்லை, ஜெசிந்தா. ஏழாம் விதியைப் பாரும். குழுவை விட்டுத் தலைவர் விலகேலாது.”

நான் தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். அந்த நிலையத்தில் என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கலகம் அது. டென்சினை மற்றவர்களோடு கணவாய்க்கு அனுப்பினேன். குறிப்புப் புத்தகத்தையும் கிளிப்பையும் பூரணம் ரீச்சரின் கையில் கொடுத்து, இனி முகத்தைப் பார்த்து எழுதுங்கள் என்றேன். இருந்த ஒட்சிசன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு, ஒரு குதிரைக்காரரோடு வந்த வழியே அக்காவை இறக்குவது என்று முடிவெடுத்தேன்.

அக்கா மறுத்துவிட்டார். அதுவரை குழறிய நாக்கு அப்போது மட்டும் தெளிவாகப் பேசியது.

“வந்த வழியால போனால் மலை இடப்பக்கம் வரும். இடப்பக்கமாச் சுத்துறது சுடலையில. நான் என்ரை பிள்ளைக்குச் செத்தவீடு செய்யமாட்டன்.”

எனக்கு விளங்கவில்லை. ரீச்சர்தான் அழுதுகொண்டே சொன்னார்: கோயிலை வலமாகச் சுற்றுவோம்; கொள்ளிக்குடத்தோடு பிணத்தை இடமாகச் சுற்றுவோம். முக்கால்வாசி மூளை மங்கிப்போன நிலையிலும் அந்தத் தாய்க்கு அது மட்டும் மறக்கவில்லை. முன்னுக்குப் போனால் சாவு. பின்னுக்குப் போனால் மகனுக்குத் தானே கொள்ளி வைத்த மாதிரி. கூடாரத்தின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், இழுத்தும் விடவில்லை.

அப்போது எனக்கு ஒரு மடத்தனமான யோசனை வந்தது. குதிரையில் அவரை வால் பக்கம் பார்க்க இருத்தினால், குதிரை வந்த வழியே இறங்கினாலும் மலை அவருடைய வலது கைக்குத்தான் இருக்கும். “அக்கா, நான் உங்களை மேல் பக்கம்தான் கூட்டிக்கொண்டு போறன், மலை வலப்பக்கம்தான் வரும், பாருங்கோ” என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அது. அக்கா கூடாரக் கயிற்றை விட்டார். குதிரைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். டென்சின் அவருக்குக் காரணத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றது. அந்த மனிதர் தன் இடுப்புத் துணியை அவிழ்த்து, அக்காவைச் சேணத்தோடு சேர்த்து, குழந்தையைக் கட்டுவது போலக் கவனமாகக் கட்டினார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா பிழைத்தார். கீழே வந்து ஜீப் பிடித்து, இன்னும் தாழ்வான தக்லகோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு நாளில் எழும்பி நடந்தார். மற்றப் பத்துப் பேரும் சுற்றி முடித்து, நடராஜா கணவாயில் எடுத்த படம் பாலா அண்ணையின் சுவரில் உறைக்குள் ஏறியது. பயண அறிக்கையில் ‘சம்பவம் எதுவும் இல்லை’ என்று பாலா அண்ணை எழுதினார். என்னோடு ஒரு மாதம் மணிக்கூட்டின் மூலமே பேசினார். அடுத்த வருடம் சுவரில் புதிய விதி ஒன்று வந்தது: ஒட்சிசன் பார்க்கும்போது முகத்தைப் பார்க்கவும். யார் சொல்லி என்று அதில் இல்லை. மனோன்மணி அக்காவின் மகன் இன்றுவரை வரவில்லை. அவர் இன்றுவரை அவனுக்கு ஒரு சடங்கும் செய்யவில்லை.

அபிராமி கேட்டதற்கு இவ்வளவு போதும். மிச்சம் நான் எனக்காக எழுதுவது.

ஐந்து மணித்தியாலம் இறங்கினோம். குதிரைக்காரர் முன்னால் கயிற்றைப் பிடித்து நடந்தார். நான் வாலுக்குப் பின்னால். அக்கா என்னைப் பார்த்தபடி, மூக்கில் குழாயோடு இருந்தார். நாங்கள் இருவரும் முகத்துக்கு முகம். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மலை எந்தப் பக்கம் என்று கேட்பார். வலப்பக்கம் என்பேன். எதிரே மேலேறி வந்த யாத்திரிகர்கள் எங்களைக் கடந்து போனார்கள்; பின்னோக்கி இருந்த அக்காவுக்கு அவர்களுடைய முதுகுகள்தான் தெரிந்தன. எல்லாரும் எங்களை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று ஒரு தரம் கேட்டார். அவர்கள் வேகமாக நடக்கிறார்கள் என்றேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கத் தெரியவில்லை.

ஆற்றங்கரைப் புல்வெளிக்கு வந்தபோது அவருடைய உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கார்டிகன் பொத்தானைத் தானே சரியாகப் போட்டார்.

“எனக்குத் தலை தெளிஞ்சு கன நேரம், பிள்ளை,” என்றார். “குதிரை எந்தப் பக்கம் போகுது எண்டு தெரியும்.”

பிறகேன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மே மாசம் தொடக்கம் எல்லாரும் எனக்கு உண்மையைத்தான் சொல்லினம். என்ரை தமையனும் சொன்னார், மகளும் சொன்னாள், கோயில் ஐயரும் சொன்னார். எனக்காக ஒரு பொய் சொல்ல இவ்வளவு கரைச்சல்பட்டது நீர் ஒராள்தான்.”

முகத்தைத் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை ஒரு சின்ன ஓடையைத் தாண்டியது. பிறகு, வழியெல்லாம் கேட்ட அதே குரலில், மலை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“வலப்பக்கம்தான் அக்கா,” என்றேன்.